லாக்கிங் டியூனர் உள்ள எலெக்ட்ரிக் கித்தாருக்குக் கம்பி மாற்றுவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கோயில் திருவிழாவிலும் கல்யாண மண்டபத்திலும் வாசிக்கிற தம்பிகள் சிலர் இப்போது லாக்கிங் டியூனர், அதாவது சுருதி ஏற்றும் சாவியிலேயே கம்பியைக் கவ்வும் பூட்டும் சேர்ந்தது, வைத்த கித்தாருக்கு மாறியிருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் கம்பி மாற்றும்போது மட்டும் பழைய பழக்கத்திலேயே கம்பியை டியூனரின் தண்டில் மூன்று சுற்று சுற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அந்த டியூனருக்குக் கொடுத்த காசு வீண்.

காரணம் இதுதான். சாதாரண டியூனரில் கம்பியை நழுவவிடாமல் நிறுத்துவதே அந்தச் சுற்றுகள்தான். அவை இறுகி அமரும்வரை சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். லாக்கிங் டியூனரில் அந்த வேலையை ஒரு சிறு முளை செய்கிறது. தலைப்பகுதியின் பின்பக்கம் இருக்கும் வட்டத் திருகைத் திருகினால், தண்டுக்குள் இருக்கும் முளை மேலே வந்து கம்பியைக் கவ்விக்கொள்ளும். சுற்று குறையக் குறைய இளகுவதற்கு இடமும் குறையும்.

பின்பக்கத் திருகு இல்லாமல், சாவியைத் திருப்பும்போது தானாகவே பூட்டிக்கொள்ளும் வகையும் உண்டு. ஃபிளாய்ட் ரோஸ் என்ற டிரெமலோ அமைப்பு பொருத்திய கித்தாரில் நட்டிலேயே, அதாவது கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் பதிந்து போகும் பள்ளமுள்ள பட்டையிலேயே, பூட்டு இருக்கும். அது வேறு கதை. இங்கே சொல்வது பின்பக்கத் திருகு உள்ளதற்கு.

தேவையானவை: ஒரு செட் கம்பி, வயர் கட்டர், உலர்ந்த துணி, சுருதி பார்க்கக் கிளிப் டியூனர் அல்லது கைப்பேசிச் செயலி. கம்பி, இப்போது போட்டிருக்கும் அதே தடிமனில் இருக்கட்டும். கடையில் ‘பத்து’ என்று கேட்டால் 0.010 அங்குலத்தில் தொடங்கும் செட்டைத் தருவார்கள். பெரும்பாலும் தடித்த கம்பி 0.046 இருக்கும். தடிமனை மாற்றினால் கழுத்தின் வளைவும், உடல்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் சமநிலையும் மாறும். முதல் தடவையே அந்த வம்பு வேண்டாம்.

மேசையில் துண்டு விரித்து, கழுத்துக்கு அடியில் ஒரு சின்னத் தலையணை வைத்துக் கித்தாரைக் கிடத்துங்கள். கைப்பிடியால் அசைக்கக்கூடிய டிரெமலோ பிரிட்ஜ் என்றால் ஒரு கம்பியைக் கழற்றி, அதன் இடத்தில் புதியதைப் போட்டபிறகே அடுத்ததைத் தொடுங்கள். ஆறையும் ஒன்றாக எடுத்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பிரிட்ஜை இழுத்துச் சாய்த்துவிடும். நிலையான பிரிட்ஜ் என்றால் மொத்தமாகக் கழற்றி ஃபிரெட்போர்டைத் துடைத்துக்கொள்ளலாம்.

பழைய கம்பியைக் கழற்றும்போது, அது தொங்கும் அளவுக்கு முதலில் சாவியைத் திருப்பித் தளர்த்துங்கள். பிறகுதான் பின்பக்கத் திருகு. இறுக்கமாக நிற்கும் கம்பியின் பூட்டைத் திறந்தால் அது சுளீரென்று தெறித்து முகத்துக்கு வரும். இதில் அவசரமே கூடாது. தளர்ந்த கம்பியை நடுவில் வெட்டி, பிரிட்ஜ் பக்கம் இருக்கும் துண்டைப் பின்வழியே தள்ளி எடுத்துவிடுங்கள்.

இப்போது முக்கியமான கட்டம். சாவியைத் திருப்பி, தண்டின் துளை நட்டில் இருக்கும் பள்ளத்துக்கு நேராக வரும்படி நிறுத்துங்கள். பின்பக்கத் திருகு தளர்ந்திருக்கிறதா என்று துளை வழியே பாருங்கள். முளை வழியை மறிக்கக் கூடாது. புதுக் கம்பியைப் பிரிட்ஜில் கோர்த்து, அதன் குண்டு முனை சரியாக உட்காரும்வரை இழுங்கள். நட்டின் பள்ளத்தில் கம்பியை வைத்து, மறுமுனையைத் துளைக்குள் விட்டு, தொய்வு இல்லாமல் இழுத்துப் பிடியுங்கள். இழுத்த கை அப்படியே இருக்க, மறுகையால் திருகை இறுக்குங்கள்.

“அண்ணே, சுத்தாம விட்டா கழண்டுடாதா?” என்று கேட்காத தம்பியே இல்லை. கழலாது. முளை சரியாகக் கவ்வியிருந்தால் போதும். விரலால் எவ்வளவு இறுகுமோ அவ்வளவு இறுக்குங்கள்; பிளையர் வேண்டாம், திருகின் மரை போய்விடும்.

பூட்டியபிறகு சாவியைத் திருப்பிச் சுருதி ஏற்றுங்கள். கம்பி தண்டின் உட்புறமாக, அதாவது சாவிகளுக்கு எதிர்ப்பக்கமாக வளைய வேண்டும். தண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவதற்குள்ளேயே சுருதி வந்துவிடும். அதைத் தாண்டிப் போனால் பூட்டும் முன் கம்பி தொய்ந்திருந்தது என்று அர்த்தம். தளர்த்தி, மறுபடி இழுத்துப் பூட்டுங்கள். தடித்த கம்பியிலிருந்து வரிசையாக ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. எப்போதும் கீழேயிருந்து மேலே ஏற்றியே சுருதியில் நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் நன்றாக இறக்கி மறுபடி ஏற்றுங்கள்.

அப்புறம் ஒவ்வொரு கம்பியையும் பன்னிரண்டாம் ஃபிரெட் அருகே பிடித்து மெதுவாகத் தூக்கி இழுங்கள். சுருதி இறங்கும், மறுபடி ஏற்றுங்கள். இழுத்தாலும் இறங்காத நிலை வரும்வரை இதைச் செய்ய வேண்டும். புதுக் கம்பி போட்ட அன்றே மேடை ஏறுபவர்கள் இதை விடவே கூடாது.

வால் முனைகளைக் கடைசியில் வெட்டுங்கள். தண்டிலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் மிஞ்சினால் போதும். அந்த முனை ஊசி மாதிரி இருக்கும்; நீளமாக விட்டால் கித்தாரை உறையில் வைக்கும்போது துணியைக் கிழிக்கும், விரலையும் குத்தும். வெட்டும்போது துண்டு பறக்காமல் வாலைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் வெறுங்காலில் நடக்கிறவர்கள், அதனால் ஆறு துண்டும் கையில் வந்துவிட்டதா என்று எண்ணிப் பாருங்கள்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் கம்பி சீக்கிரம் கறுத்துச் சொரசொரப்பாகிவிடும். வாசித்து முடித்ததும் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்து உலர்ந்த துணியால் துடையுங்கள். வியர்வை அங்கேதான் தங்குகிறது.

இவ்வளவு செய்தும் கம்பியை வளைத்து வாசித்தபின் சுருதி விலகினால், டியூனரைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் கம்பி நட்டில் மாட்டிக்கொள்கிறது. சாவியைத் திருப்பும்போது அங்கே ‘டிங்’ என்று சத்தம் வந்தால் அதுதான். கம்பியைத் தளர்த்தி ஓரமாக எடுத்துவிட்டு, பள்ளத்தில் பென்சில் முனையால் நன்றாகத் தேயுங்கள். கரித்தூள் வழுக்கிக் கொடுக்கும். அதற்கும் சரியாகவில்லை என்றால் பள்ளம் குறுகலாக இருக்கலாம். ஈப்போவில் கித்தார் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து அளவாக ராவச் சொல்லுங்கள்.