தினமும் ஓட்டும் லெக்ஸஸ் ஜிஎக்ஸ் 460-ஐ கேம்பிங்குக்கும் மண் பாதைக்கும் தயார் செய்வது எப்படி?

ஜிஎக்ஸ் 460 வாங்கிய கையோடு பலரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்த லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் பாகங்கள்) போடலாம்?" என்பதுதான். என் பதில்: இப்போதைக்கு எதுவும் வேண்டாம். திங்கள் முதல் வெள்ளி வரை இந்த வண்டி உங்களை அலுவலகத்துக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கும் கொண்டுபோக வேண்டும். சனிக்கிழமைதான் சியரா மலைப் பக்கமோ மொஹாவி பாலைவனப் பக்கமோ கிளம்புகிறோம். அந்த ஐந்து நாளைக் கெடுக்காமல் இந்த இரண்டு நாளுக்கு வண்டியைத் தயார் செய்ய ஒரு வரிசை இருக்கிறது. முதலில் எடைக் கணக்கு, பிறகு டயர், காற்று, மீட்புச் சாமான், படுக்கை, மின்சாரம். வண்டியை உயர்த்துவது கடைசி. பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கடைசிப் படி தேவையே படாது.

கலிஃபோர்னியாவை வைத்துத்தான் எழுதுகிறேன். ஆனால் வளைகுடா நாடுகளில் டொயோட்டா பிராடோ 150 வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். இரண்டு வண்டிக்கும் அடிப்படை ஒன்றுதான்.

வண்டியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது?

2010 முதல் 2023 மாடல் வரை வந்த ஜிஎக்ஸ் 460-இல் 4.6 லிட்டர் வி8 எஞ்சின், உடலுக்கு அடியில் ஏணி வடிவ இரும்புச் சட்டம் (லேடர் ஃபிரேம்), பின்னால் இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே அச்சு (சாலிட் ஆக்ஸில்). நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் இழுவை போய்க்கொண்டே இருக்கும். நடுவில் முன், பின் ஆக்ஸில்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டார்சன் வகை டிஃபரென்ஷியல். அதைப் பூட்ட ஒரு பொத்தான். மெதுவாக ஏற, இறங்க எல்4 என்ற குறைந்த கியர். தோல் இருக்கையையும் மரவேலைப்பாட்டையும் பார்த்துவிட்டு இதெல்லாம் இருப்பதே தெரியாமல் பல வருடம் ஓட்டுபவர்கள் உண்டு.

செலவு செய்வதற்கு முன் இவற்றைப் பழகுங்கள். நடு டிஃபரென்ஷியலை மண், சரளை, பனி இவற்றில் மட்டும் பூட்ட வேண்டும். காய்ந்த தார் ரோட்டில் பூட்டியபடி திரும்பினால் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒன்றையொன்று இழுத்து கியர்களுக்குள் இறுக்கம் ஏறும். எல்4-க்கு மாற வண்டியை முழுதாக நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, பிறகு சுவிட்சைத் திருப்புங்கள். விளக்கு சிமிட்டுவது நிற்கும்வரை பொறுங்கள்.

இன்னொன்று. ஒரு சக்கரம் பிடிமானம் இல்லாமல் சுழன்றால், வண்டி அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு மற்றதற்கு இழுவையைத் திருப்பும். அப்போது கீழிருந்து கடகடவென்று சத்தம் வரும். புதிதாக ஓட்டுபவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுவார்கள். எடுக்காதீர்கள். மெல்ல, சீராக மிதித்தபடி இருந்தால் வண்டி தானாக ஏறும்.

படி 1: கதவு ஸ்டிக்கரைப் படியுங்கள்

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருப்பார்கள். இந்த வேலையில் மிக முக்கியமான எண் அதுதான். மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் உங்கள் வண்டியில் இருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பேச்சுக்கு 1,200 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் குடும்பம் 500 பவுண்டு. மீதி 700. இப்போது மற்றவர்களின் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டதையெல்லாம் மாட்டுவோம்: ரூஃப் ராக் 80, கூரைக் கூடாரம் 150, பக்கவாட்டில் பாறை இடிக்காமல் காக்கும் இரும்புக் குழாய் (ராக் ஸ்லைடர்) 120, அடியில் இரும்புத் தகடு 100, பின்னால் இழுப்பறைப் பெட்டி 180. மொத்தம் 630. மிச்சம் இருப்பது 70 பவுண்டு. பத்து கேலன் தண்ணீர் மட்டுமே 83 பவுண்டு! இன்னும் சாப்பாடு ஏறவில்லை, துணி ஏறவில்லை, ஃப்ரிட்ஜ் ஏறவில்லை, அதற்குள் அளவு தாண்டிவிட்டது.

இந்தக் கனத்தோடுதான் வாரம் முழுக்க அலுவலகம் போவீர்கள். நகருக்குள் கேலனுக்கு 15 மைல் என்பதே இந்த வண்டியின் அதிகாரப்பூர்வக் கணக்கு. அதுவும் இறங்கும், பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும். ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போட்டு வண்டியிலேயே வையுங்கள். எதை வாங்குவதற்கு முன்பும் அதன் எடையை அந்தத் தாளில் எழுதிப் பாருங்கள்.

படி 2: டயர்

ஒரே ஒரு பொருளுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அது டயர்தான். கம்பெனியிலிருந்து வருவது 265/60ஆர்18 அளவில் நெடுஞ்சாலை டயர் (265 மில்லிமீட்டர் அகலம், அதில் 60 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், 18 அங்குல வீல்). கூர்மையான கல்லில் அதன் பக்கச் சுவர் எளிதில் கிழியும்.

அதே 18 அங்குல வீலில் 265/65ஆர்18 அளவில் ஆல்-டெரெய்ன் (தார், மண் இரண்டுக்கும் ஏற்ற) டயர் போடலாம். விட்டம் ஏறக்குறைய ஒரு அங்குலம் கூடும், அதனால் தரையிலிருந்து அரை அங்குல உயரம் இலவசமாகக் கிடைக்கும். 17 அங்குல வீலுக்கு மாறினால் 265/70ஆர்17 கிட்டத்தட்ட அதே விட்டம். ரப்பர் சுவர் இன்னும் உயரமாக இருப்பதால் காற்றைக் குறைக்கும்போது நன்றாக நெகிழும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, உள்பக்க பிளாஸ்டிக்கில் உரசுகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். ஸ்பீடோமீட்டர் மூன்று சதவீதத்துக்கு மேல் குறைத்துக் காட்டும்: முள் 65-இல் இருந்தால் நீங்கள் 67-இல் போகிறீர்கள்.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். முதலாவது, எடை வகுப்பு. எல்டி வகை, 'இ' வகுப்பு என்று விற்பது கனமான லாரி டயர். தினசரி ஓட்டத்தில் குலுக்கும், பெட்ரோலும் குடிக்கும், கதவு ஸ்டிக்கரில் உள்ளதைவிட அதிகக் காற்றும் கேட்கும். நாம் போகும் மண் பாதைக்குச் சாதாரண காருக்கான எஸ்எல் வகுப்பு போதும். இரண்டாவது, டயரின் பக்கச் சுவரில் மலைக்குள் பனிப்படிகம் (ஸ்னோஃப்ளேக்) வரைந்த முத்திரை. குளிர்காலத்தில் டாஹோ ஏரிப் பக்கம் போகும்போது ஆர்2 என்ற பனிச் சங்கிலிக் கட்டுப்பாடு போட்டிருந்தால், நான்கு சக்கரத்திலும் பனி டயர் உள்ள நான்கு சக்கர இழுவை வண்டியைச் சங்கிலி மாட்டாமல் விடுவார்கள். ஆனால் சங்கிலி வண்டிக்குள் இருந்தே ஆக வேண்டும். மூன்றாவது, ஐந்து டயராக வாங்குங்கள். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் வேறு விட்டமுள்ள ஸ்டெப்னியை மாட்டி ஓட்டினால் நடு டிஃபரென்ஷியல் ஓயாமல் சுழன்று சூடேறும்.

படி 3: காற்று

மண் பாதை தொடங்கும் இடத்தில் இறங்கி, நான்கு டயரிலும் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குங்கள். டயர் தரையில் பதியும் நீளம் கூடும், கூரான கல் மேல் ஏறும்போது குத்தாமல் வளைந்து கொடுக்கும், வரிவரியாக மேடு விழுந்த பாதையில் உடம்பு நடுங்குவது பாதியாகும். லிஃப்ட் கிட் தராத சுகத்தை இந்தப் பத்து நிமிட வேலை தரும். காற்று குறைந்த டயரில் வேகமாகப் போகவோ சட்டென்று வளைக்கவோ கூடாது. டேஷ்போர்டில் டயர் எச்சரிக்கை விளக்கு எரியும், அது சகஜம்.

தார் ரோட்டுக்குத் திரும்பியதும் உடனே காற்று நிரப்ப வேண்டும். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்னப் பம்ப் இந்த அளவு டயருக்குத் திணறும். பேட்டரியில் நேரடியாகக் கவ்வும் கம்ப்ரஸராக வாங்கி, எஞ்சினை ஓடவிட்டு நிரப்புங்கள். நம்பகமான ஒரு பிரஷர் கேஜ் தனியாக வேண்டும்.

படி 4: சிக்கினால் வெளியே வர

மடக்கு மண்வெட்டி ஒன்று, மணலில் சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் ட்ராக்ஷன் போர்டு ஒரு ஜோடி, இழுபடும்போது நீளும் கைனடிக் கயிறு, கயிற்றை வண்டியோடு இணைக்கும் இரண்டு சாஃப்ட் ஷேக்கிள் (கயிற்றாலான வளையம்), பின்னால் டிரெய்லர் மாட்டும் சதுரத் துளையில் (ஹிட்ச் ரிசீவர்) செருகும் ஷேக்கிள் மவுண்ட். இவ்வளவும் ஒரு பையில் அடங்கும்.

இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: டிரெய்லர் மாட்டும் டோ பாலில் கயிற்றைக் கட்டி ஒருபோதும் இழுக்கக் கூடாது. அந்த இரும்பு உருண்டை உடைந்தால் குண்டு போலப் பறந்து வரும்; அப்படி உயிர்கள் போயிருக்கின்றன. இழுக்கும்போது சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் கயிற்றின் நீளத்தைவிட அதிக தூரம் தள்ளி நிற்க வேண்டும். பிள்ளைகளைக் கண்ணில் படும்படி வேறு பக்கம் நிறுத்துங்கள்.

இதே நேரத்தில் பக்கவாட்டு மிதிபலகையைக் கழற்றிவிடுவது நல்லது. வண்டியில் முதலில் தரை தட்டுவது பெரும்பாலும் அதுதான். வீட்டில் பெரியவர்கள் ஏறி இறங்க அது வேண்டும் என்றால் இருக்கட்டும், பாதையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

படி 5: படுக்கை

கூரைக் கூடாரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன், அதுவும் தினசரி வண்டிக்கு. ஜிஎக்ஸின் உயரம் சுமார் 74 அங்குலம். ராக்கும் கூடாரமும் சேர்ந்தால் 84 அங்குல வீட்டு கராஜ் கதவைத் தாண்டிவிடும், அலுவலகப் பல மாடிப் பார்க்கிங்கிலும் நுழைய முடியாது. தரையில் ஒரு நல்ல கூடாரம் குடும்பத்துக்கு. ஒருவர் அல்லது இருவர் என்றால் வண்டிக்குள்ளேயே படுக்கலாம்.

உள்ளே படுக்க, மூன்றாம் வரிசையை மடக்கினாலும் தரை சமமாக இருக்காது. அதைப் பயன்படுத்தாதவர்கள் போல்ட்டைக் கழற்றி இருக்கையை எடுத்துவிடலாம், எடையும் குறையும். அதே போல்ட் துளைகளில் ஒரு மேடையைப் பொருத்தலாம். 18 மில்லிமீட்டர் ப்ளைவுட் வாங்கிவிடாதீர்கள். 12 மில்லிமீட்டர் பலகைக்குக் கீழே குறுக்குச் சட்டம் கொடுத்தால் ஆள் படுக்கும் பலம் வந்துவிடும். முன் இருக்கையை முன்னே தள்ளி, உங்கள் முழு உயரத்துக்கு இடம் இருக்கிறதா என்று படுத்துப் பார்த்து அளவெடுத்த பிறகு மரத்தை வெட்டுங்கள். இழுப்பறைக்குப் பதில் கீழே மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகள் போதும்: சமையலுக்கு ஒன்று, துணிக்கு ஒன்று, கருவிகளுக்கு ஒன்று. ஞாயிறு இரவு பெட்டிகளைத் தூக்கி கராஜில் வைத்தால் திங்கள் காலை வண்டி காலி. எல்லாவற்றையும் தரையிலுள்ள கொக்கிகளில் பட்டையால் கட்டுங்கள். திடீர் பிரேக்கில் ஒரு குக்கர் முன்னே பறந்து வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

தூங்கும்போது ஜன்னலை விரலளவு திறந்து வையுங்கள். வண்டிக்குள் அடுப்போ கேஸ் ஹீட்டரோ எரிக்கவே கூடாது. எஞ்சினை ஓடவிட்டும் தூங்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பேட்டரியில் ஓடும் அலாரம் ஒன்று தலைமாட்டில் இருக்கட்டும்.

படி 6: ஃப்ரிட்ஜும் மின்சாரமும்

12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் வாங்கினால் தோசை மாவு, தயிர், மீன் எல்லாம் இரண்டு நாள் கெடாமல் இருக்கும். ஐஸ் உருகிய தண்ணீரில் எதுவும் மிதக்காது. நான்கு பேருக்கு 40 லிட்டர் தாராளம். மிதமான வெயிலில் ஒரு நாளைக்கு 300 வாட்-அவர் சுற்றி எடுக்கும். கொதிக்கும் பாலைவனத்தில் இன்னும் கூடும். 500 வாட்-அவர் எல்எஃப்பி (ஒருவகை லித்தியம் பேட்டரி) பவர் ஸ்டேஷன் ஒன்றை ஃப்ரிட்ஜ் பக்கத்தில் வைத்து, ஓட்டும்போது வண்டியிலிருந்து சார்ஜ் ஏற்றுங்கள். வண்டியின் ஒயரிங்கில் கை வைக்க வேண்டியதே இல்லை, இரண்டாவது பேட்டரியும் வேண்டாம்.

யோசெமிட்டிக்குப் போகிறவர்கள் கவனிக்க: இருட்டிய பிறகு காருக்குள் உணவு வைப்பது அங்கே தடை. கரடி கதவையே பெயர்த்துவிடும். ஃப்ரிட்ஜில் உள்ளதையும் முகாமிலுள்ள இரும்பு லாக்கருக்கு மாற்றியாக வேண்டும்.

படி 7: முதல் பயணம்

ஆட்கள் இருக்கும் இடத்தில் தொடங்குங்கள். பே ஏரியாவில் இருப்பவர்களுக்கு ஹாலிஸ்டர் ஹில்ஸ் பூங்காவில் பழகத் தடங்கள் இருக்கின்றன. மணலுக்கு ஓஷியானோ டூன்ஸ். கடற்கரையிலேயே ஓட்டி அங்கேயே கூடாரம் போடலாம். முகாமுக்கு லோன் பைன் அருகே அலபாமா ஹில்ஸ்: பாறைகளுக்கு நடுவே சுலபமான மண் பாதை, எதிரே விட்னி சிகரம். இலவச அனுமதியை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு, குறியிட்ட இடத்தில் மட்டும் தங்குங்கள். தேசியக் காடுகளில் எந்தப் பாதையில் வண்டி போகலாம் என்பதற்கு வனத்துறை இலவச வரைபடம் வெளியிடுகிறது. அதில் இல்லாத தடத்தில் ஏறாதீர்கள். பாலைவனத்தில் ஒரு டயர் தடம் பல பத்தாண்டுகள் அழியாமல் கிடக்கும். அரசு முகாம்களுக்கு வெளியே கேஸ் அடுப்பு பற்றவைக்கக்கூட கலிஃபோர்னியாவில் தீ அனுமதி வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

இதற்கெல்லாம் பிறகும் உயர்த்த வேண்டுமா?

வண்டிக்குத் தரையிலிருந்து 8.1 அங்குல இடைவெளி இருக்கிறது. திரும்பத் திரும்ப அடி தட்டும் பாதைகளுக்குத்தான் போகிறீர்கள் என்றால் மட்டும் யோசிக்கலாம், அதுவும் இரண்டு அங்குலத்துக்குள். அதற்கு மேல் போனால் முன் சக்கரங்களைச் சுழற்றும் சிவி ஆக்ஸில்களின் கோணம் கூடி அவற்றின் ரப்பர் உறைகள் (பூட்ஸ்) கிழியும், அலைன்மென்ட் சரிசெய்ய சஸ்பென்ஷனின் மேல் கன்ட்ரோல் ஆர்மும் மாற்ற வேண்டியிருக்கும். உங்கள் வண்டியில் கேடிஎஸ்எஸ் (வளைவில் சாய்வதைக் குறைக்கும் ஹைட்ராலிக் அமைப்பு) இருந்தால், அதன் வால்வு திருகுகளைத் தளர்த்திவிட்டு வேலை செய்யத் தெரிந்த மெக்கானிக்கிடம் மட்டும் கொடுங்கள். இல்லையென்றால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். பின்னால் ஏர் சஸ்பென்ஷன் இருந்தால், ஜாக்கி போடும் முன் உயரக் கட்டுப்பாட்டை அணைக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஹெட்லைட்டின் கோணத்தையும், 2020 அல்லது அதற்குப் பிந்தைய மாடல் என்றால் கேமரா, ராடாரையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு பயணம் முடிந்ததும் அடிப்பாகத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். கடற்கரை போயிருந்தால் அன்றே. காய்ந்த புல் எக்ஸாஸ்ட் பக்கம் சிக்கியிருந்தால் எடுத்துவிடுங்கள், அது தீப்பிடிக்கும். வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் சரிபார்த்து, டயர்களின் உள்பக்கச் சுவரையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, காற்றை ஸ்டிக்கர் அளவுக்கு ஏற்றுங்கள். திங்கள் காலை ஃப்ரீவேயில் 65-இல் போகப்போகும் வண்டி இது.