நிலவு ரோவரின் சக்கரத்தை மண் தொட்டியில் சோதிப்பது எப்படி?

சந்திரயான்-3 நிலவில் இறக்கிய பிரக்யான் ரோவரின் நிறை 26 கிலோ. நிலவின் ஈர்ப்பு 1.62 மீ/வி². ஆறு சக்கரங்களுக்கும் பங்கு போட்டால், ஒன்றின் மேல் விழும் பளு சுமார் 7 நியூட்டன்தான். சோதனையில் இந்தச் சிறிய அளவைப் பிசகாமல் கொண்டுவருவதே பெரும்பாடு.

8 செ.மீ அகலச் சக்கரத்துக்கு 120 × 40 செ.மீ தொட்டி போதும். 15 செ.மீ ஆழத்துக்கு மண் நிரப்ப ஏறக்குறைய 108 கிலோ வேண்டும். சந்திரயானுக்காக இஸ்ரோ பயன்படுத்திய நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலை அனார்த்தோசைட் (நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது) பாறைப் பொடி இதற்குப் பொருத்தமானது. 1 மி.மீ சல்லடையில் சலித்தால் மட்டும் போதாது. எடையில் பாதியாவது 70 மைக்ரானுக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆற்று மணலில் ஓட்டிய கணக்குத்தான். 110 டிகிரியில் ஓர் இரவு உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் மண் இறுகிச் சக்கரம் புதையாது. என்95 முகக்கவசம் இல்லாமல் இந்தப் பொடியைத் தொடவே வேண்டாம், நுரையீரலுக்குக் கெடுதல்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் அடிவரை கிளறி, பலகையால் மட்டம் செய்யுங்கள். 500 மி.லி வளையத்தை அமிழ்த்தி எடுத்து, உள்ளே இருக்கும் மண்ணை நிறுத்துப் பாருங்கள். 750 கிராமுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

சக்கரம், மோட்டார், தாங்கி மூன்றும் சேர்ந்தால் 2 கிலோவைத் தாண்டும். 7 நியூட்டன் பளுவுக்குத் தேவையோ 0.71 கிலோ. மீதியைக் கப்பி வழியே எதிர் எடையால் தூக்குங்கள். செங்குத்துத் தண்டில் அரை நியூட்டன் உராய்வு இருந்தாலே 7 சதவீதப் பிழை வந்துவிடும், ஆகவே அங்கே நல்ல லீனியர் பேரிங் (தண்டு நேர்கோட்டில் தடையின்றி நகர உதவும் தாங்கி) போடுங்கள்.

சக்கரத்துக்கு ஒரு மோட்டார், சக்கரத்தைத் தாங்கிச் செல்லும் வண்டியை நகர்த்த இன்னொன்று. 9 செ.மீ ஆரச் சக்கரம் 1.06 ஆர்.பி.எம்-இல் சுற்றினால் விளிம்பு வேகம் நொடிக்கு 1 செ.மீ. வண்டியை 0.8 செ.மீ வேகத்தில் விட்டால் வழுக்கல் (விளிம்பு வேகத்தைவிட வண்டி பின்தங்கும் அளவு) 20 சதவீதம், 0.5-இல் விட்டால் 50. ஆரத்தைப் பட்டைகளின் (மண்ணைக் கடிக்கச் சக்கர விளிம்பில் நீட்டியிருக்கும் தகடுகள்) நுனிவரை அளப்பதா, அடிவரையா என்பதை முதலிலேயே முடிவு செய்து கடைசிவரை மாற்றாதீர்கள். முதல் 30 செ.மீ ஓட்டத்தின் அளவுகளைத் தள்ளிவிடுங்கள். அதுவரை புதைவு நிலைப்படாது.

லோட் செல் (விசையை அளக்கும் உணரி) காட்டும் இழுவிசை 3.1 நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கினால் அதை இரைச்சல் என்று வடிகட்டிவிடாதீர்கள். 18 பட்டைகள் ஒவ்வொன்றாக மண்ணைக் கடிப்பதன் தடம் அது. ஏற்ற இறக்கம் பெரிதாக இருந்தால் பட்டைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம் என்று பொருள்.

எதிர் எடை சக்கரத்தின் பளுவைத்தான் குறைக்கிறது, மண் துகள்களின் எடையை அல்ல. பூமியின் ஈர்ப்பில் மண் கூடுதல் உறுதியோடு நிற்கும். குறை ஈர்ப்பு விமானச் சோதனைகளில் இழுவிசை இதைவிடக் குறைவாகவே வந்திருக்கிறது. இரண்டு சக்கரங்களில் எது மேல் என்று ஒப்பிட இந்த எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு சரிவில் ரோவர் ஏறும் என்று அப்படியே எழுதிவிடாதீர்கள்.