'கேட்டஃப்ராக்ட்': வேலியிலிருந்து பிறந்த கவசச் சொல்லின் வேரைப் பிடிப்பது எப்படி?

ஆளுக்கும் குதிரைக்கும் சேர்த்துக் கவசம் பூட்டிய பழங்காலக் குதிரைவீரனுக்கு ஆங்கிலத்தில் 'கேட்டஃப்ராக்ட்' என்று பெயர். வேர் தேடுகிறவர்கள் பெரும்பாலும் முதல் அடியிலேயே சறுக்குகிறார்கள். 'ஃப்ராக்ட்' காதில் விழுந்ததும் எலும்புமுறிவைச் சொல்லும் 'ஃப்ராக்சர்' நினைவுக்கு வரும். உடனே 'உடைப்பவன்' என்று பொருள் கட்டிவிடுவார்கள்.

ஒலியை நம்பாதீர்கள், எழுத்தைப் பாருங்கள். ஃப்ராக்சரில் இருப்பது 'எஃப்'. அது லத்தீன் வேர். இங்கே இருப்பது 'பி, எச்'. கிரேக்க 'ஃபை' எழுத்தை ரோமானியர்கள் இப்படித்தான் எழுதினார்கள். இச்சொல் ஆங்கிலத்துக்கு 'கட்டாஃப்ரக்டுஸ்' என்ற லத்தீன் வடிவத்தின் வழியாக வந்தது. பிறகு அந்த லத்தீன் பூச்சைக் கழற்றுங்கள்: 'சி'யை 'கே' ஆக்கி, 'உஸ்' ஈற்றை 'ஒஸ்' ஆக்கினால் 'கட்டாஃப்ரக்டொஸ்' கிடைக்கும்.

இனிப் பிரிக்கலாம். 'கட்டா' என்றால் 'கீழே'. வினையோடு சேரும்போது 'முழுக்க' என்றும் பொருள்படும். இங்கே இரண்டாவதுதான் பொருந்தும். 'டொஸ்' என்பது 'செய்யப்பட்ட' என்னும் பொருள் தரும் விகுதி. நடுவில் உள்ள 'ஃப்ரக்'கில்தான் கவனம் வேண்டும். அதன் கடைசி ஒலி முதலில் 'தங்கம்' என்பதில் வரும் ககரம் போல மென்மையானது. 'ட' ஒலி பின்னால் வந்ததால் வலிந்துவிட்டது. பல்லும் பொடியும் சேர்ந்து பற்பொடி ஆவது போன்ற புணர்ச்சிதான் இது. சான்று வேண்டுமா? 'டயாஃப்ரம்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். அதில் ஒலிக்காமல் நிற்கும் 'ஜி' அதே வேரின் மென்மையான கடைசி ஒலி. நெஞ்சறைக்கும் வயிற்றுக்கும் நடுவே தடுப்பாக நிற்கும் தசைக்கு அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம்!

அகராதியில் தேடும்போது ஒரு சிக்கல் வரும். ஆங்கில அகராதிகள் வினையை 'ஃப்ராஸ்ஸைன்' என்று தரும். கிரேக்க அகராதிகளோ தன்மை ஒருமை வடிவத்தையே தலைச்சொல்லாக வைக்கும். ஆகவே 'ஃப்ராஸ்ஸோ' என்று தேடுங்கள். பொருள்: வேலியிட்டு அடைத்தல், அரண் செய்தல்.

கடைசியாகப் பழைய வழக்கோடு ஒப்பிடுங்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் இச்சொல்லை மேல்தளம் மூடிய கப்பலுக்குப் பயன்படுத்தினார். கி.மு. 200இல் பானியம் போரில் செலூக்கியப் பேரரசர் மூன்றாம் ஆன்டியோகஸின் கவசக் குதிரைப்படைக்கு அதே பெயர். இரண்டுக்கும் பொது இரும்பு அல்ல, முழு மூடல்.

தென்னாப்பிரிக்காவின் ஆர்மடில்லோ பல்லியின் அறிவியல் பெயரிலும் 'கேட்டஃப்ராக்டஸ்' உண்டு. ஆபத்து நெருங்கினால் அது தன் வாலையே கவ்வி வளையமாகச் சுருளும். முள்செதில்கள் வெளிப்பக்கம் வேலிபோல் நிற்கும்.