வாரியர் கப்பலை அடியிலிருந்து பாருங்கள்

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் துறையில் நிற்கும் பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பலான எச்.எம்.எஸ். வாரியரைப் பார்க்கப் போகிறவர்கள், மேல்தளத்தில் ஏறியதும் பாய்மரங்களைப் படம் எடுத்தே களைத்துப்போவார்கள். கீழே இறங்க அப்புறம் காலில் தெம்பு இருக்காது. முதல் முறை நானும் அப்படித்தான் செய்தேன். முப்பது வருஷம் சரக்குக் கப்பல் எஞ்சின் ரூமில் கிடந்தவன் செய்யக்கூடிய காரியமா அது!

ஆகவே நேராகக் கொதிகலன் அறைக்கு இறங்குங்கள். படிகளைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்க வேண்டும், தலை பத்திரம். மொத்தம் 10 கொதிகலன்கள், 40 உலைகள். இப்போது இருப்பவை கப்பலைப் புதுப்பித்தபோது செய்த மாதிரிகள். அந்தக் காலத்தில் அத்தனை உலைக்கும் மண்வாரியால்தான் கரி போட்டார்கள். நீராவி அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டு சொச்சம். என்னோடு வேலை பார்த்தவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். அழுத்தம் குறைந்தால் கரித் தீனி கூடும். சுமார் 850 டன் ஏற்றினாலும் நெடும் பயணத்துக்குப் போதாது. பாய்மரம் ஏன் வேண்டியிருந்தது என்பது இங்கேயே புரிந்துவிடும்.

அடுத்தது எஞ்சின். இங்கே அவசரப்படாதீர்கள். சிலிண்டர்கள் படுத்துக் கிடப்பதைக் கவனியுங்கள். நிறுத்திவைத்தால் நீர்மட்டத்துக்கு மேலே தலை நீட்டும், குண்டு பட்டுவிடும். படுக்கவைத்தாலோ கப்பலின் அகலம் இடிக்கும். ஜான் பென் நிறுவனம் பிஸ்டனோடு ஒரு அகலமான குழாயைச் சேர்த்து, பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழலும் தண்டுக்குக் கொண்டுபோகும் கனெக்டிங் ராடை அதற்குள்ளேயே ஆடவிட்டது. பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இணைக்கத் தனியாகப் பிஸ்டன் ராட் கிடையாது, அந்த நீளம் மிச்சம். இதை நின்று பார்க்கவே நான் இரண்டாம் முறை டிக்கெட் வாங்கினேன்.

துவைக்கும் இயந்திரத்தை ஒரு பார்வை பார்த்தால் போதும். 1861-இல் சேவைக்கு வந்த போர்க்கப்பலில் அது இருந்தது என்பதுதான் வேடிக்கை.

சரி, பீரங்கித் தளத்துக்கு ஏறுங்கள். பக்கச் சுவரில் நாலரை அங்குல இரும்பு, அதற்குப் பின்னால் 18 அங்குலத் தேக்கு. ஆனால் முன்முனைக்கும் பின்முனைக்கும் இந்தக் கவசம் இல்லை. பீரங்கிகளைத் தட்டிப் பார்க்க ஆசை வரும், பெரும்பாலும் ஃபைபர்கிளாஸ்தான். இரண்டு பீரங்கிகளுக்கு நடுவே தொங்கும் மேசையில் 18 பேர் வரை சாப்பிட்டார்கள். ராத்திரி அதே இடத்தில், தலைக்கு மேலே, கித்தான் தூளி கட்டித் தூங்கினார்கள். விடிந்ததும் தூளியைச் சுருட்டி மேல்தள ஓரத்து வலையில் அடுக்கிவிட வேண்டும். கப்பலில் ஏறத்தாழ 700 பேர்.

கடைசியில்தான் மேல்தளம். அந்த இரண்டு புகைபோக்கிகளும் தொலைநோக்கிபோல் உள்ளடங்கக்கூடியவை. பாயில் ஓடும்போது அவற்றை இறக்குவார்கள். ப்ரொப்பெல்லரையும் தண்ணீரிலிருந்து தூக்கிவிடுவார்கள். இல்லாவிட்டால் அது கப்பலைப் பிடித்து இழுக்கும். அதைத் தூக்க 600 பேர் கயிறு பிடித்தார்களாம். பின்பக்கம் போய் அந்த உயரத்தை எட்டிப் பார்த்துவிட்டு, இப்போது பாய்மரத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.