வெப்பம் தாக்கினால் முதல் வேலை உடம்பைக் குளிர்விப்பது

கடும் வெயில் நாளில் ஒருவர் திடீரெனக் குழறிப் பேசினாலோ, ஆள் தெரியாமல் தடுமாறினாலோ வெறும் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். வியர்க்கிறதே என்ற அசட்டையும் வேண்டாம், வெயிலில் உழைத்தவருக்கு வியர்வையோடும் இது வரும். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை சும்மா நிற்காமல் நிழலுக்குக் கொண்டுபோய், உடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைக்கலாம். நினைவு தெளிவில்லாதவருக்குக் குடிக்க எதுவும் தரக் கூடாது, புரையேறிவிடும். பாராசிட்டமால் இதற்கு உதவாது.

அப்புறம், வெளியே அலைபவர்களுக்குத்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். 2003 கோடையில் ஐரோப்பாவில் வெப்பம் 70,000 பேருக்கு மேல் பலி வாங்கியது. பெரும்பாலோர் முதியவர்கள், பலர் வீட்டுக்குள்ளேயே இறந்தார்கள். வயதானால் தாகமே சரியாகத் தெரியாது. தனியாக இருப்பவர்களைக் காலையும் மாலையும் போனிலாவது விசாரியுங்கள். அறை 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறியை மட்டும் நம்ப வேண்டாம், அது சூட்டுக் காற்றைத்தான் மேலே அடிக்கும். சிறுநீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவர்கள் கோடைக்கு முன்பே மருத்துவரிடம் அளவு பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். தாமாக நிறுத்திவிடக் கூடாது.