டக்டேல்ஸ் 2: கேம்பாயில் ஆடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கையடக்க ஆக்‌ஷன் கேம் என்றாலே வலப்பக்கம் ஓட வேண்டும், எதிரில் வருவதை அடிக்க வேண்டும், கடைசியில் நிற்கும் பெரிய எதிரியான பாஸை வீழ்த்த வேண்டும் என்று கை பழகியிருக்கும். அந்தப் பழக்கத்தோடு டக்டேல்ஸ் 2-ஐத் தொட்டால் பாதி விளையாட்டைப் பார்க்காமலே முடித்துவிடுவோம். டிஸ்னி கார்ட்டூனை வைத்து கேப்காம் 1989-இல் வெளியிட்ட விளையாட்டின் இரண்டாம் பாகம் இது. 1993-இல் முதலில் நின்டெண்டோவின் டிவி கேம் கருவியான என்இஎஸ்ஸுக்கும் பிறகு அதன் கையடக்கக் கருவியான கேம்பாய்க்கும் வந்தது. எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு என்பதால், இதைப் பலர் அவசரமாக ஆடி ஒதுக்கிவிடுவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

முதல் தவறு அந்த அவசரம்தான். நயாகரா, பெர்முடா, மூ, எகிப்து, ஸ்காட்லாந்து என ஐந்து இடங்கள். எதிலிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். ஆடும்போது ஒரு புதையல் வரைபடத்தின் ஏழு துண்டுகளைத் தேட வேண்டும். ஏழும் சேர்ந்தால் ஆறாவதாக ஒரு ரகசிய இடம் திறக்கும். வரைபடத்தைத் தேடாமலும் கதை முடிந்துவிடும் என்பதால், அப்படி ஓர் இடம் இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. சும்மா கிடக்கிற மாதிரி தெரியும் மூலைகளிலும் ஏறிக் குதித்துப் பாருங்கள். வெறும் காற்றிலிருந்து ரத்தினம் தோன்றும்.

முடித்த இடத்துக்குத் திரும்பப் போகாமல் இருப்பது அடுத்த தவறு. சில கற்களைத் தொடக்கத்தில் எவ்வளவு அடித்தாலும் உடைக்க முடியாது. அங்கேயே நின்று மல்லுக்கட்ட வேண்டாம். விஞ்ஞானி கைரோ கியர்லூஸ் சில இடங்களில் ஒளிந்திருப்பார்; அவரைக் கண்டுபிடித்தால் நாம் ஆட்டுவிக்கும் பணக்கார வாத்து ஸ்க்ரூஜின் கைத்தடிக்குப் புதுச் சக்தி தருவார். அப்புறம் பழைய இடத்துக்கே போய் அந்தக் கல்லை உடைக்கலாம். ஐந்தாவது இடத்தையும் முடிப்பதற்கு முன்பே இந்தத் தேடலை முடித்துவிடுவது நல்லது. அதன்பின் ஸ்க்ரூஜின் எதிரி குளோம்கோல்ட், வெபி என்ற சிறுமியைக் கடத்திவிட்டதாகச் செய்தி வந்து, கதை கடைசிச் சண்டையை நோக்கி நகர்ந்துவிடும்.

கடையில் பணத்தைத் தண்ணீராக இறைப்பதும் ஆபத்து. உயிரும் கேக்கும் வாங்கத் தோன்றும். தேவைக்கு வாங்குங்கள், தவறில்லை. ஆனால் கையில் ஒரு காசும் இல்லாமல் விளையாட்டை முடித்தால் சோகமான முடிவுதான் கிடைக்கும். உலகத்திலேயே பெரிய பணக்கார வாத்தின் கதை, அவர் வெறுங்கையோடு நிற்கலாமா?

கைத்தடியை ஊன்றித் துள்ளும் போகோ குதியில் பலர் பட்டனைச் சீக்கிரம் விட்டுவிடுகிறார்கள். விட்ட நொடியே ஸ்க்ரூஜ் சாதாரணமாக விழுகிறார், எதிரி மேல் விழுந்தால் அடி அவருக்குத்தான். தடி படும்வரை பிடித்திருங்கள்.

கேம்பாய்க்கே உரிய சிக்கல் திரை. அகலம் 160 புள்ளி, உயரம் 144. என்இஎஸ்ஸில் கிடைக்கும் அகலம் இதில் இல்லை என்பதால் எதிரி திடீரென்று முன்னால் வந்து நிற்பார். பழைய கேம்பாயில் வேகமாக ஓடினால் படமும் மங்கலாக இழுபடும். நின்று, பார்த்து, பிறகு குதியுங்கள். இடப்பக்கத்தில் உள்ள கான்ட்ராஸ்ட் சக்கரத்தைச் சரிசெய்யாமலே கண்ணைச் சுருக்கி ஆட வேண்டியதில்லை. பின்னால் வந்த கேம்பாய் அட்வான்ஸ் கருவியில் ஆடுபவர்கள் எல், ஆர் பட்டனை அழுத்திப் படத்தை அகலமாக்காதீர்கள்; ஸ்க்ரூஜ் நசுங்கித் தெரிவார், தூரம் கணிக்கும் கண்ணும் ஏமாறும்.

என்இஎஸ்ஸுக்கு எழுதிய வழிகாட்டியை அடிக்கு அடி நம்பி கேம்பாயில் ஆடாதீர்கள். அதேபோல், 2017-இல் வந்த பழைய கேம்களின் தொகுப்பான டிஸ்னி ஆஃப்டர்நூன் கலெக்‌ஷனில் இருப்பது என்இஎஸ் வடிவம். கேம்பாய் வடிவம் வேண்டுமென்றால் அதை வாங்கிப் பயனில்லை. 2013-இல் வந்த ‘டக்டேல்ஸ் ரீமாஸ்டர்ட்’ இந்த இரண்டாம் பாகம் அல்ல, முதல் பாகத்தின் மறுஆக்கம்.

விளையாட்டு அடங்கிய பழைய கார்ட்ரிட்ஜ் வேலை செய்யவில்லை என்றால் வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உலோகத்தை அரிக்கும். பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். இன்னொன்று, இந்த விளையாட்டில் சேவ் வசதி கிடையாது. நான்கு ஏஏ பேட்டரியும் புதிதாக இருக்கும் நாளில், ஒரே மூச்சில் ஆட நேரம் இருக்கும்போது உட்காருங்கள்.