சாய்வாக இழுத்தால் பெட்டி நகருமா? உராய்வுக் கணக்கில் நான் சறுக்கிய இடம்

ஒரு உராய்வுக் கணக்குக்கு "பெட்டி நகராது" என்று அடித்துச் சொல்லி எழுதினேன். விடைப் பக்கத்தில் "நகரும்" என்று இருந்தது. பெருக்கலில் பிழையில்லை, சூத்திரமும் சரி. பிழை எங்கே என்று பிடிக்க இரண்டு நாள் ஆனது. சைன், கொசைன் உங்களுக்குப் பழக்கம் என்று வைத்துக்கொண்டு நேராகக் கணக்குக்குப் போகிறேன்.

சமதளத் தரையில் 10 கிலோகிராம் பெட்டி. கயிறு கட்டி, தரையிலிருந்து 30 டிகிரி மேல்நோக்கி 50 நியூட்டன் விசையால் இழுக்கிறோம். ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.5, இயக்க உராய்வுக் குணகம் 0.4.

படி 1: பெட்டியை மட்டும் தனியாக வரையுங்கள். அதன்மேல் நான்கு அம்புகள்: எடை கீழே, தரை தரும் செங்குத்து விசை மேலே, இழுவிசை சாய்வாக, உராய்வு பின்பக்கமாக. பெட்டி தரையை அழுத்தும் விசையை வரையாதீர்கள். அது தரையின்மேல் செயல்படுவது. கட்டம் போட்ட தாளும் பென்சிலும் போதும். சிமுலேஷன்கள் பார்க்க அழகுதான், ஆனால் அம்புகளை அவையே போட்டுவிடுவதால் நமக்குக் கை பழகாது.

படி 2: இழுவிசையைப் பிரியுங்கள். கிடைக்கூறு 50 × 0.866 = 43.3 நியூட்டன். மேல்நோக்கிய கூறு 50 × 0.5 = 25 நியூட்டன். பிரித்த பிறகு சாய்ந்த அம்பை அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே விசையை இரண்டு முறை எண்ணிவிடுவோம்.

படி 3: செங்குத்து விசை. நான் சறுக்கியது இங்கேதான். எடை 10 × 9.8 = 98 நியூட்டன், ஆகவே செங்குத்து விசையும் 98 என்று போட்டுவிட்டேன். பாடத்தின் முதல் பத்துக் கணக்குகளில் அப்படித்தான் வரும், அதனால் அதுவே விதி என்று மனதில் பதிந்துவிடுகிறது. உண்மையில் தரை எவ்வளவு தாங்க வேண்டியிருக்கிறதோ அவ்வளவுதான் தாங்கும். கயிறு 25 நியூட்டனைத் தூக்கிக்கொள்கிறது; தரைக்கு மிச்சம் 98 − 25 = 73.

படி 4: உராய்வின் உச்ச வரம்பு, அதாவது ஓய்வுநிலைக் குணகம் × செங்குத்து விசை: 0.5 × 73 = 36.5 நியூட்டன். இழுக்கும் கிடைக்கூறு 43.3. பெட்டி நகரும். நான் செய்த மாதிரி 98-ஐப் போட்டிருந்தால் வரம்பு 49 ஆகி, நகராது என்றே தோன்றியிருக்கும்.

நகரத் தொடங்கியதும் இயக்க உராய்வு: 0.4 × 73 = 29.2. மிச்ச விசை 14.1 நியூட்டன், முடுக்கம் ஏறக்குறைய 1.4 மீட்டர்/வினாடி².

இதே 50 நியூட்டனை, அதே 30 டிகிரியில் கீழ்நோக்கிச் சாய்த்துத் தள்ளிப் பாருங்கள். செங்குத்து விசை 123, வரம்பு 61.5, பெட்டி அசையாது. அப்போது உராய்வு எவ்வளவு? 61.5 என்று எழுதினால் தவறு. தள்ளுவது 43.3 என்றால் உராய்வும் 43.3-தான். குணகத்தால் பெருக்கி வருவது உச்ச வரம்பு மட்டுமே. அசையாத பெட்டிக்கு 61.5 உராய்வு இருந்தால், அது தள்ளுகிறவர் பக்கமாக அல்லவா நகர வேண்டும்!

சாய்தளத்தில் தமிழே ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறது. "செங்குத்து" என்றால் நேர் மேலே என்றும் பொருள், ஒரு பரப்புக்கு 90 டிகிரியில் என்றும் பொருள். செங்குத்து விசையில் வருவது இரண்டாவது. ஆகவே அச்சுகளைத் தளத்தோடு சேர்த்துச் சாய்த்துக்கொண்டு எடையைப் பிரியுங்கள். எந்தக் கூறுக்கு சைன் என்று குழம்பினால் கோணத்தைப் பூஜ்ஜியமாக நினைத்துப் பாருங்கள்: தளம் படுத்துவிட்டால் சரிவோடு இழுக்கும் கூறு இருக்காது, எனவே அதற்குத்தான் சைன். இதே பெட்டி 30 டிகிரி சரிவில் இருந்தால் சரிவோடு 49, தளத்துக்குக் குத்தாக 84.9, வரம்பு 42.4. தானே சறுக்கும்.

பிற்சேர்க்கை: 30-க்கு சைன் போட்டால் −0.988 வருகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறது. டிகிரிக்கு மாற்றி, 0.5 வருகிறதா என்று பார்த்துவிட்டுப் படி 2-லிருந்து மறுபடி போடுங்கள்.